ஹிட்டைட் முத்திரைகள்: கல்லை விடக் களிமண்ணே அதிகம் பேசுகிறது

கேள்வி: பண்டைய ஹிட்டைட்டுகள் கல்லில் செதுக்கிய முத்திரைகள் எதற்குப் பயன்பட்டன? அவற்றில் இருப்பது எழுத்தா, அலங்காரமா? அருங்காட்சியகத்தில் ஒன்றைப் பார்க்க நேர்ந்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் சுருக்கமான பதில். கையெழுத்துப் போடுவது, பூட்டி வைப்பது, 'இன்னார் இன்ன பதவியில் இருக்கிறார்' என்று அறிவிப்பது ஆகிய மூன்று வேலைகளையும் இந்த முத்திரைகள் செய்தன. பேரரசுக் கால (ஹிட்டைட் ஆட்சியின் பிற்பகுதி) முத்திரைகளில் நடுவில் இருப்பது பெரும்பாலும் எழுத்துதான். அலங்காரம் போலத் தெரிவதிலும் பாதி எழுத்து. ஆனால் ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்தக் கல்லுக்காக இந்தத் துறையில் யாரும் தூக்கத்தைத் தொலைப்பதில்லை. அந்தக் கல் அழுந்திய களிமண் கட்டி கிடைத்தால்தான் பரபரப்பு. ஏன் என்பதைத்தான் கீழே விரித்துச் சொல்லப் போகிறேன்.

ஹிட்டைட்டுகள் யார் என்பதற்கு இரண்டு வரி. இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில், சோரும் மாகாணத்தில் போவாஸ்கலே என்ற சிற்றூரை ஒட்டி ஹட்டுஷா என்ற தலைநகரத்தை வைத்துக்கொண்டு, ஏறத்தாழ கி.மு. 1650 முதல் 1180 வரை ஆண்டவர்கள். எகிப்தும் பாபிலோனும் 'சகோதரா' என்று அழைத்துக் கடிதம் எழுதும் அளவுக்குப் பெரிய அரசாக இருந்தவர்கள். விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் 'ஏத்தியர்' என்று வருவது இதே பெயர்தான், ஆனால் அங்கே பேசப்படும் மக்களுக்கும் ஹட்டுஷா அரசர்களுக்கும் இடையே காலத்தாலும் இடத்தாலும் தூரம் அதிகம். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை.

பண்டைய மேற்காசியாவில் முத்திரை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மெசபொத்தேமியாவின் உருளை முத்திரை. விரல் நீளக் கல் உருளையை ஈரக் களிமண்ணில் உருட்டினால் படம் பட்டையாக நீண்டு விழும். அனத்தோலியாவின், அதாவது இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியின், வழக்கம் வேறு. அங்கே தட்டையான முகத்தில் செதுக்கி அழுத்தி எடுப்பதுதான் தொன்றுதொட்ட முறை. மலாத்யா அருகே உள்ள அர்ஸ்லான்தெபேயில், கி.மு. நான்காம் ஆயிரமாண்டின் இறுதியைச் சேர்ந்த அரண்மனையில் மட்டும் முத்திரை பதிந்த களிமண் துண்டுகள் இரண்டாயிரத்துக்கும் மேல் கிடைத்தன. எழுத்து வருவதற்கு முன்பே அங்கே முத்திரை நிர்வாகம் நடந்திருக்கிறது. பிறகு அசீரிய வணிகர்கள் நடுத் துருக்கியின் கல்தெபேக்கு, அன்றைய பெயரில் கானேஷுக்கு, வந்து குடியேறியபோது ஆப்பெழுத்தோடு (களிமண்ணில் ஆப்பு வடிவக் குறிகளைக் குத்தி எழுதுவது) உருளை முத்திரையையும் கொண்டுவந்தார்கள். உள்ளூர்க்காரர்களும் கொஞ்ச காலம் அதை உருட்டிப் பார்த்தார்கள். அந்த வணிகக் குடியிருப்பின் பிந்தைய அடுக்கிலேயே அழுத்து முத்திரை மறுபடி தலைதூக்கிவிட்டது. ஹிட்டைட் அரசு எழுந்தபோது ஆப்பெழுத்தை எடுத்துக்கொண்டது, களிமண் பலகையை எடுத்துக்கொண்டது, உருளையை மட்டும் வேண்டாம் என்று விட்டது. இரண்டையும் இணைத்துப் பார்த்த முயற்சிகளும் உண்டு. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் டிஷ்கீவிச் முத்திரை உருளையாகவும் இருக்கும், அடிப்பாகத்தில் அழுத்து முத்திரையாகவும் இருக்கும். அது விதிவிலக்கு. விதி, வட்டமான அழுத்து முத்திரை.

கல்லைப் பற்றி. மாக்கல், சர்ப்பென்டைன் போன்ற மென்மையான கற்கள்தான் சாதாரண முத்திரைகளுக்கு. ஹேமடைட் போன்ற கனமான, கடினமான கல் வசதியானவர்களுக்கு. இவை தவிர வெண்கலம், வெள்ளி, பொன் முத்திரைகளும் இருந்தன. மென்மையான கல்லை உலோக உளியாலேயே கீறிவிடலாம். கடினமான கல்லில் அது நடக்காது. வில்லில் நாணைச் சுற்றிச் சுழற்றும் துளைப்பானை வைத்து, மணலைப் போன்ற அரைக்கும் பொடியைச் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத்தான் குழிக்க வேண்டும். பழைய முத்திரைகளில் கச்சிதமான சிறு வட்டங்களும் அரைக்கோளக் குழிகளும் தென்பட்டால் அவை துளைப்பானின் தடங்கள். ஒரு விலங்கின் தோளும் தொடையும் உருண்டையாக இருப்பதற்குக் காரணமே அதுதான்: கலைஞர் முதலில் குழிகளைப் போட்டுவிட்டுப் பிறகு அவற்றைக் கோடுகளால் இணைத்திருக்கிறார். இத்தனையும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வட்டத்துக்குள். அரசர்களுடைய முத்திரைகள் இன்னும் பெரியவை, ஐந்து சென்டிமீட்டரை ஒட்டிய பதிவுகளும் உண்டு.

வடிவமும் காலத்தோடு மாறியது. பழைய அரசுக் காலத்தில், அதாவது ஹிட்டைட் ஆட்சியின் முற்பகுதியில், கூம்பு வடிவக் கைப்பிடி, அதன் உச்சியில் சுத்தியல் தலை போன்ற ஒரு குறுக்குத்துண்டு, கயிறு கோக்க ஒரு துளை. சிலவற்றில் அடிப்பாகம் மட்டுமல்லாமல் கனசதுரத்தின் பக்கங்களிலும் செதுக்கியிருப்பார்கள். பேரரசுக் காலத்தில் மூன்று சிங்கக் கால்கள் மேலே சேர்ந்து பிடியாக நிற்கும் உலோக முத்திரைகள் வந்தன. கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் பரவலானது, இரு பக்கமும் புடைத்த பொத்தான் வடிவம். குறுக்கே ஒரு துளை, அதில் உலோகக் கம்பி வளையம், இரு முகத்திலும் செதுக்கல். திருப்பிப் போட்டால் இன்னொரு முகம். ஒரு பக்கம் கணவன் பெயர், மறு பக்கம் மனைவி பெயர் என்று அமைந்தவையும் உண்டு. அருங்காட்சியகங்களில் 'ஹிட்டைட் கல் முத்திரை' என்று நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் இந்தப் பொத்தான் வகையாகத்தான் இருக்கும், ஏனென்றால் எண்ணிக்கையில் அதிகம் தப்பிப் பிழைத்தது அதுதான். வேலைப்பாடு பல நேரம் சுமார்தான். அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. பெயர் தெரிந்தால் போதும் என்று அவசரமாகக் கீறியவை ஏராளம்.

இனி, முகத்தில் இருப்பது. பழைய முத்திரைகளில் இரட்டைத் தலைக் கழுகு, முறுக்குக் கயிறு போன்ற விளிம்பு, சுருள் கோலம், மான்மேல் நிற்கும் தெய்வம், இவையெல்லாம் வரும். கி.மு. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அரசர்கள் நிலக்கொடை எழுதிக் கொடுக்கத் தொடங்கியபோது பயன்படுத்திய முத்திரை வித்தியாசமானது. நடுவில் ஒரு மலரும் சில மங்கலக் குறிகளும், சுற்றிலும் ஆப்பெழுத்து வளையம். அதில் அரசனின் பெயர் கிடையாது! 'தபர்னாவின், பேரரசனின் முத்திரை. அவன் சொல்லை மாற்றுகிறவன் சாவான்' என்பதுதான் வாசகம். தபர்னா என்பது அரசர் எல்லோருக்கும் பொதுவான பட்டம். எந்தத் தபர்னா என்று இன்றைய ஆய்வாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்களே என்ற கவலை அவர்களுக்கு இருந்திருக்காது. பலகையின் முன்பக்கத்து நடுவில் அந்த வட்டம் பதிந்திருக்கும். அதே ஆவணத்தின் உள்ளே, தபர்னாவின் வார்த்தைகள் இரும்பாலானவை, அவற்றைத் தள்ளவும் முடியாது உடைக்கவும் முடியாது, மாற்றுகிறவனின் தலை வெட்டப்படும் என்று இன்னொரு முறை வரும். இரும்பு அபூர்வமாக இருந்த காலம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த வரியைப் படிக்க வேண்டும்.

பிறகு வந்த அரசர்கள் நடுவட்டத்தில் சித்திர எழுத்தைக் கொண்டுவந்தார்கள். இதை ஹிட்டைட் சித்திர எழுத்து என்று பழைய நூல்கள் சொல்லும், மொழி உண்மையில் லூவியன், ஹிட்டைட்டுக்கு உறவான இன்னொரு அனத்தோலிய மொழி. இதில் காலத்தால் முந்தியவற்றுள் ஒன்று ஹட்டுஷாவில் கிடைத்ததல்ல. தெற்கே கிழுவட்னா நாட்டு அரசன் இஷ்புதஹ்ஷுவின் முத்திரை பதிந்த களிமண் கட்டி, தென் துருக்கியின் டார்சஸில் ஹெட்டி கோல்ட்மன் நடத்திய அகழாய்வில் கிடைத்தது. ஹட்டுஷா அரசர்களிடம் இந்தக் கலப்பு முத்திரை பிறகு முழு வளர்ச்சி அடைந்தது. அமைப்பு இப்படி இருக்கும்: மேலே விரித்த சிறகுகளோடு சூரிய வட்டம். அதற்குக் கீழே நடுவில் அரசனின் பெயர்க்குறி. இரு பக்கமும் 'பேரரசன்' என்ற பட்டக்குறி: கூர்மையான கூம்பு 'அரசன்', அதன் தலையில் உட்காரும் சுருள் 'பெரிய'. வெளியே ஒன்றோ இரண்டோ ஆப்பெழுத்து வளையங்களில் அதே பெயர், பட்டம், தந்தை பெயர். அதிகாரியின் முத்திரையானால் சிறகுச் சூரியன் இருக்காது. பெயருக்குப் பக்கத்தில் எழுத்தர், தேரோட்டி, இளவரசன் என்று பதவிக்குறி இருக்கும். முக்கோணமும் முடிச்சுச் சிலுவை போன்ற குறியும் வெற்றிடங்களை நிரப்பும். அவைதான் நான் முன்பு சொன்ன, அலங்காரம் போலத் தெரியும் எழுத்து: 'நலம்', 'உயிர்'.

செதுக்குபவருக்கு இதில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. பட்டக்குறிகள் இடமும் வலமும் சமச்சீராக நிற்பதால், பதிக்கும்போது படம் இடம்வலம் மாறினாலும் ஒன்றும் கெடாது. சித்திர எழுத்து எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் படிக்கலாம். வளையத்தில் வரும் ஆப்பெழுத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு ஆப்பையும் கண்ணாடிப் பிம்பம்போல் இடம்வலம் மாற்றிச் செதுக்கியே ஆக வேண்டும். களிமண்ணில் நாணல் குச்சியால் ஒரு குத்தில் விழும் குறியை, வளைந்த வரியில், பின்னோக்கி, கல்லிலோ உலோகத்திலோ குடைந்தெடுக்க வேண்டும். அரண்மனைப் பட்டறைகளின் கை வலிமை தெரியும் இடம் இதுதான்.

இந்த முத்திரை எங்கே அழுந்தியது? நம் ஊரில் வாக்குப்பெட்டி வைத்த அறையின் பூட்டுக்கு மேல் துணி சுற்றி அரக்கு சீல் வைப்பார்களே, அதே தர்க்கம்தான். சீல் யாரையும் தடுக்காது, திறந்தால் காட்டிக்கொடுக்கும். ஹட்டுஷா நகரத் தலைவருக்கு எழுதிய கட்டளைகள் பலகையில் கிடைத்திருக்கின்றன. காலையில் நகரக் கதவின் தாழ்ப்பாளை எடுப்பதற்கு முன், அவர் தன் மகனையோ பணியாளையோ அனுப்பி, கதவில் இருக்கும் முத்திரையைச் சோதித்த பிறகே திறக்க வேண்டும் என்கிறது அது. அரசுக் கிடங்குகளுக்கே 'முத்திரை வீடு' என்றுதான் பெயர். ஜாடியின் வாய், மூட்டையின் முடிச்சு, பெட்டியின் கயிறு எல்லாவற்றிலும் ஒரு களிமண் கட்டி, அதில் ஒரு வட்டம்.

ஆவணங்களுக்கு வந்தால் ஒரு விநோதம். ஹட்டுஷாவில் கிடைத்த ஆயிரக்கணக்கான களிமண் பலகைகளில் மிகப் பெரும்பாலானவற்றில் முத்திரையே இல்லை. சடங்கு நூல், பிரார்த்தனை, வரலாறு இவற்றுக்கு எதற்கு முத்திரை? முத்திரை தேவைப்பட்ட அன்றாட ஆவணங்கள், அதாவது கொடுக்கல் வாங்கல், கணக்கு போன்றவை, பெரும்பாலும் மெழுகு பூசிய மரப்பலகைகளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். 'மரத்தில் எழுதும் எழுத்தர்' என்று ஒரு பதவியே அவர்களிடம் இருந்தது. மரப்பலகையைக் கயிற்றால் கட்டி, முடிச்சின்மேல் களிமண்ணை அப்பி, முத்திரை வைத்துத் தொங்கவிடுவது வழக்கம். மரம் மட்கிவிட்டது அல்லது எரிந்துவிட்டது. துருக்கியின் தென்கரையோரம் உலுபுருனில் மூழ்கிய கப்பலில் கிடைத்த மடிப்புப் பலகையைப் போல ஒன்றிரண்டுதான் அந்தக் காலத்திலிருந்து கண்ணுக்குத் தென்பட்டிருக்கின்றன. அதுவும் ஹட்டுஷாவைச் சேர்ந்ததல்ல.

1990, 1991-இல் ஹட்டுஷாவின் நிஷான்தெபே என்ற பாறைக்கு அருகே பீட்டர் நேவேயின் குழு ஒரு கட்டடத்தைத் தோண்டியபோது, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முத்திரைக் கட்டிகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அவற்றோடு நிலக்கொடைப் பலகைகள் சிலவும். கட்டடம் தீப்பிடித்து எரிந்திருக்கிறது. அந்தத் தீ மரத்தைச் சாம்பலாக்கியது, மண்கட்டிகளைச் சுட்டு உறுதியாக்கியது. கட்டிகளின் உள்ளே கயிற்றின் முறுக்குத் தடம் இன்றும் தெரிகிறது. எழுதியது எல்லாம் போய், யார் எழுதவைத்தார்கள் என்பது மட்டும் மிஞ்சிய ஒரு ஆவணக் காப்பகம் அது.

'வெறும் பெயர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?' என்று கேட்டால், உர்ஹி-தெஷுப்பின் கதையைச் சொல்வேன்.

சிரியாவின் காதேஷில் எகிப்திய அரசன் இரண்டாம் ராம்செஸுடன் மோதிய ஹிட்டைட் அரசர் முவத்தல்லி இறந்ததும் அவர் மகன் உர்ஹி-தெஷுப் அரியணை ஏறினான். சில ஆண்டுகளில் சித்தப்பா ஹட்டுஷிலி அவனைத் தூக்கி எறிந்துவிட்டுத் தானே அரசனானார். பிறகு தன் செயலுக்கு நியாயம் சொல்லி நீண்ட தன்வரலாறு ஒன்றை எழுதவைத்தார், அது நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் அவர் சொல்வது இது: அண்ணனுக்குப் பட்டத்து அரசி வழியில் மகன் இல்லாததால், இன்னொரு மனைவியின் மகனான இவனை நான்தான் அரசனாக்கினேன். அவனோ என் ஊர்களை ஒவ்வொன்றாகப் பறித்தான். ஏழு ஆண்டுகள் பொறுத்தேன். பிறகு தெய்வம் அவனை ஷமூஹா நகரத்தில், பட்டிக்குள் பன்றியை அடைப்பதுபோல் அடைத்துக் கொடுத்தது. இதுதான் சித்தப்பாவின் தரப்பு. நல்ல வழக்கறிஞர் எழுதிய மனு போல இருக்கும். அதில் கவனிக்க வேண்டியது, அந்த இளைஞனை அவர் எப்போதும் பிறப்புப் பெயரால், உர்ஹி-தெஷுப் என்றே குறிப்பிடுகிறார்.

முத்திரைகள் என்ன சொல்கின்றன? அவன் முர்ஷிலி என்ற அரியணைப் பெயரோடு ஆண்டிருக்கிறான், பேரரசை நிலைநிறுத்திய தன் தாத்தாவின் பெயர் அது. வரலாற்று நூல்கள் இன்று அவனை மூன்றாம் முர்ஷிலி என்கின்றன. அந்தப் பெயர் நமக்கு உறுதியானதே முத்திரைகளால்தான். நிஷான்தெபேயில் அவன் முத்திரை பதிந்த கட்டிகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ஏதோ இடையில் வந்து போன பொம்மை அரசன் என்று நினைக்க இடமில்லை, அலுவலகம் முழு வேகத்தில் இயங்கியிருக்கிறது. சித்தப்பாவும் அவர் எழுத்தர்களும் பலகைகளில் அந்தப் பெயரைத் தவிர்த்தார்கள். காப்பகத்தில் தொங்கிக்கொண்டிருந்த களிமண் கட்டிகளை ஒவ்வொன்றாகப் போய் உடைக்க யாரும் மெனக்கெடவில்லை.

அரசிகள் கதையும் இப்படித்தான். ஹிட்டைட் முத்திரைகளில் அரசனும் அரசியும் கூட்டாக வருவது சாதாரணம். உர்ஹி-தெஷுப்பின் கொள்ளுத்தாத்தா ஷுப்பிலுலியுமாவின் கட்டிகளில் சிலவற்றில் ஹென்டி என்ற அரசி இருக்கிறார், வேறு சிலவற்றில் பாபிலோனிலிருந்து வந்து தவனன்னா என்ற பட்டத்தையே பெயராக்கிக்கொண்ட இரண்டாம் அரசி. தானுஹெபா என்ற அரசி இன்னும் சுவாரசியம். தாத்தா முர்ஷிலியோடு (இரண்டாம் முர்ஷிலி), அவர் மகன் முவத்தல்லியோடு, பேரன் உர்ஹி-தெஷுப்போடு என்று மூன்று தலைமுறை அரசர்களின் முத்திரைகளில் அவர் பெயர் வருகிறது. அரசன் இறந்தாலும் அரசியின் பதவி அவருடைய ஆயுள் வரை நீடிக்கும் என்பது ஹிட்டைட் மரபு. நடுவில் முவத்தல்லி அவரை விசாரணைக்கு உட்படுத்திப் பதவி பறித்ததை ஹட்டுஷிலியும் அவர் மனைவி புதுஹெபாவும் செய்த ஒரு பிரார்த்தனையிலிருந்து அறிகிறோம். அப்படியானால் பேரனின் முத்திரையில் மறுபடி எப்படி வந்தார்? திரும்ப அழைக்கப்பட்டிருக்கிறார். இதைச் சொல்லும் நூல் எதுவும் வேண்டியிருக்கவில்லை, ஒரு வட்டத்தில் இரண்டு பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றதே போதுமானதாக இருந்தது.

கூட்டு முத்திரை என்றால் ஹட்டுஷிலியையும் புதுஹெபாவையும் சொல்லாமல் இருக்க முடியாது. கி.மு. 1259-இல் ராம்செஸுடன் செய்த உடன்படிக்கையை வெள்ளிப் பலகையில் எழுதி எகிப்துக்கு அனுப்பினார்கள். வெள்ளிப் பலகை காணாமல் போய்விட்டது. ஆனால் எகிப்தியர்கள் உடன்படிக்கையைக் கர்னாக் கோயில் சுவரில் வெட்டிவைத்தபோது, பலகையில் இருந்த முத்திரைகளையும் வார்த்தைகளால் வர்ணித்துவிட்டார்கள். முன்பக்கத்து நடுவில் புயல் தெய்வம் ஹட்டியின், அதாவது ஹிட்டைட் நாட்டின், அரசனை அணைத்துக்கொண்டு நிற்கும் உருவம், சுற்றிலும் எழுத்து. மறுபக்கத்தில் ஒரு பெண் தெய்வம் ஹட்டியின் அரசியை அணைத்திருக்கும் உருவம், சுற்றிலும் 'கிழுவட்னாவின் மகள் புதுஹெபாவின் முத்திரை' என்று வாசகம். நாடுகளுக்கிடையே நடந்த ஒப்பந்தத்தில் அரசி தன் சொந்த முத்திரையைப் பதித்திருக்கிறார். அந்த எகிப்திய எழுத்தர் கண்ணால் பார்த்ததைச் சரியாகத்தான் எழுதினார் என்று நமக்குத் தெரியும், ஏனென்றால் தெய்வம் அரசனைத் தோளோடு அணைக்கும் அதே காட்சி முவத்தல்லி காலம் முதல் களிமண் பதிவுகளில் இருக்கிறது.

இதையெல்லாம் எப்படிப் படித்தார்கள் என்ற கேள்விக்கும் ஒரு முத்திரைதான் தொடக்கம். அது கல்லல்ல, அரைக்கோள வடிவ வெள்ளித் தகடு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்மிர்னாவில், இன்றைய இஸ்மீரில், ஒரு நாணய வியாபாரியிடம் வந்தது. 1860-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு விற்பனைக்கு வந்தபோது, அப்படி ஒரு பொருளை யாரும் அதுவரை பார்த்ததில்லை என்பதால் போலி என்று சந்தேகித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நல்லவேளை, அனுப்புவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்தார்கள். நடுவில் நிற்கும் ஓர் அரசன், அவன் இருபுறமும் புரியாத சித்திரக் குறிகள், விளிம்பைச் சுற்றி ஆப்பெழுத்து. 1880-இல் ஆங்கிலேய ஆய்வாளர் ஏ. எச். சேஸ் இது ஒரே வாசகம் இரண்டு எழுத்துகளில் எழுதப்பட்டது என்று கண்டுகொண்டு, 'அரசன்', 'நாடு' என்ற குறிகளை அடையாளம் காட்டினார். பெயரைத் தார்கொண்டெமோஸ் என்று தப்பாகப் படித்தார். அந்தத் தப்புப் பெயரே முத்திரைக்கு நிலைத்துவிட்டது. முத்திரை இப்போது பால்டிமோரின் வால்டர்ஸ் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1998-இல் டேவிட் ஹாக்கின்ஸ் இஸ்மீரை அடுத்த கராபெல் கணவாயின் பாறைச் சிற்பத்தைப் படித்தபோதுதான் அந்த அரசன் யாரென்று தெளிவானது: மேற்கு அனத்தோலியாவின் மிரா நாட்டு அரசன் தார்கஷ்னவா. பாறையில் நிற்பவனும் வெள்ளியில் நிற்பவனும் ஒருவனே.

இடையில் நடந்தது பெரிய உழைப்பு. 1930-களில் ஹட்டுஷாவின் கோட்டைக் குன்றில் கிடைத்த முத்திரைக் கட்டிகளை ஹான்ஸ் குஸ்டாவ் கீட்டர்பாக் 1940, 1942-இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். வளையத்தில் ஆப்பெழுத்தில் பெயர், நடுவில் அதே பெயர் சித்திர எழுத்தில். ஆப்பெழுத்து ஏற்கனவே படிக்கக்கூடியது, ஹிட்டைட் மொழியைச் செக் அறிஞர் ஹ்ரோஸ்னி 1915-இலேயே அவிழ்த்துவிட்டார். எனவே ஒவ்வொரு அரச முத்திரையும் ஒரு சின்ன இருமொழிப் பாடம் ஆனது. ஷுப்பிலுலியுமாவின் பெயர்க்குறி 'தூய' என்ற குறியும் 'ஊற்று' என்ற குறியும் சேர்ந்தது என்பதெல்லாம் இப்படித்தான் தெரிந்தது. 1946 முதல் தென் துருக்கியின் கராதெபேயில் வெளிப்பட்ட பீனிசிய-லூவிய நீண்ட கல்வெட்டு மீதிக் கதவுகளைத் திறந்தது. சிந்துவெளி முத்திரைகள் நமக்கு ஏன் இன்னும் வாய் திறக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது: அங்கே இப்படி விளிம்பில் தெரிந்த எழுத்தோடு ஒரு முத்திரைகூடக் கிடைக்கவில்லை.

பேரரசு சரிந்த பிறகு நடந்ததற்கும் முத்திரைகள் சாட்சி. யூப்ரடீஸ் கரையில் லிடார் ஹொயூக் என்ற மேட்டில் 1985-இல் கிடைத்த பதிவுகளில் 'கூஸி-தெஷுப், கார்கெமிஷ் அரசன், தல்மி-தெஷுப்பின் மகன்' என்று இருக்கிறது. கார்கெமிஷ், ஹிட்டைட் பேரரசுக்கு அடங்கிய, யூப்ரடீஸ் கரை அரசு. தல்மி-தெஷுப் கடைசி ஹிட்டைட் பேரரசனின் காலத்தவர். அதாவது ஹட்டுஷா வீழ்ந்தபோது கார்கெமிஷின் அரச வம்சம் அழியவில்லை, மகன் தொடர்ந்து ஆண்டிருக்கிறான். அதற்கு முன் எல்லாம் ஒரே அடியில் சாம்பலாகிவிட்டது என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். அதே போல 1995-இல் டிராய் நகர அகழாய்வில் கிடைத்த பொத்தான் வடிவ வெண்கல முத்திரை: ஒரு பக்கம் ஓர் எழுத்தரின் பெயர், மறு பக்கம் ஒரு பெண்ணின் பெயர், லூவியச் சித்திர எழுத்தில். வெண்கலக் கால டிராயில் கிடைத்த ஒரே எழுத்து அதுதான். அதை வைத்து 'டிராய் மக்கள் லூவியன் பேசினார்கள்' என்று சிலர் தாவுகிறார்கள். எனக்கு அது அதிகப்படி. கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கும் பொருள் எங்கிருந்தும் எங்கும் போகும்.

இங்கேதான் அருங்காட்சியகக் கல்லின் சிக்கல் வருகிறது. ஐரோப்பிய, அமெரிக்கத் தொகுப்புகளில் இருக்கும் கல் முத்திரைகளில் பெரும்பகுதி 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் கடைத்தெருக்களில் வாங்கியவை. ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்காகத் தொல்லியலாளர் ஹோகார்த் திரட்டிய தொகுப்பு புகழ்பெற்றது. பிற்காலத்தில் 'அரேபியாவின் லாரன்ஸ்' ஆன இளைஞரும் 1909-இல் சிரியாவில் நடந்து திரிந்து அவருக்காக முத்திரைகள் வாங்கினார். எந்த மேட்டில், எந்த அடுக்கில், எந்தப் பொருளோடு கிடந்தது என்று தெரியாத முத்திரை, பெயரைச் சொல்லும், அதற்கு மேல் அதிகம் சொல்லாது. களிமண் கட்டியோ எந்த அறையில், எந்த அரசனின் கட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதோடு வருகிறது. பேரரசர்கள் கையில் பிடித்த முத்திரைகள் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களை நமக்குக் காட்டுவது முழுக்க முழுக்கக் களிமண்தான்.

சரி, நேரில் ஒன்றைப் பார்த்தால் என்ன கவனிப்பது? அங்காராவின் அனத்தோலிய நாகரிக அருங்காட்சியகத்துக்கோ போவாஸ்கலேயின் சிறு அருங்காட்சியகத்துக்கோ போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கிடைத்த இடம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், 'வாங்கப்பட்டது' என்றிருந்தால் காலக்கணிப்பை மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லை விட, பக்கத்தில் வைத்திருக்கும் நவீனப் பதிவைப் பாருங்கள், குழிவில் தெரியாத கோடுகள் புடைப்பில் தெரியும். நடுவில் மேலிருந்து கீழாக அடுக்கியிருப்பது பெயர். இரு ஓரத்திலும் ஒரே குறி திரும்பத் திரும்ப வந்தால் அது பதவியோ நலம் என்ற முக்கோணமோ ஆக இருக்கும். சிறகுச் சூரியனும் சுருள் ஏறிய கூம்பும் இருந்தால் அரசன் அல்லது அரசி. துளையின் வாய் தேய்ந்து வழவழப்பாக இருந்தால் அந்தக் கல் நீண்ட காலம் கயிற்றிலோ கம்பியிலோ தொங்கியிருக்கிறது. துளையின் விளிம்பு இன்னும் கூர்மையாக, செதுக்கல் புத்தம் புதிதாக, குறிகள் எந்தப் பெயருக்கும் பொருந்தாமல் கலந்து கிடந்தால், அது தனியார் தொகுப்பிலிருந்து வந்த பொருளானால், சந்தேகப்படுவதில் தவறில்லை. அதே நேரம், எதையும் பார்த்த உடனே போலி என்று சொல்லிவிட வேண்டாம். அந்த வெள்ளித் தகட்டையும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள்.